பதினான்காம் மாடியில் இரண்டு ஜன்னல்கள்

"கான்கிரீட் பேசும். கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு."
— பேராசிரியர் ஸ்வெட்டோஸார் நடத்தும் நவீனக் கட்டடக் கலைச் சுற்றுலா, துண்டுப் பிரசுரத்தின் முதல் வரி

பல் டாக்டர் பிராங்கோவின் மூன்றாவது பல் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டபோது, இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு டெசாங்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே அவளுடைய உதவியாளன் ராஷா.

"பல் டாக்டருக்கே பல் புடுங்குறீங்களா?" என்றான் ராஷா. "தொழில் தர்மமே இல்லியே அண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. பிராங்கோவால் முடியாது. மற்ற இருவருக்கும் பழக்கமில்லை.

புதிய பெல்கிரேடில் ஒவ்வொரு கோபுரக் குடியிருப்புக்கும் அடியில் இப்படி ஒரு பதுங்கு அறை இருக்கிறது. அணுகுண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள அந்தக் காலத்து அரசாங்கம் கட்டியது. அணுகுண்டு வரவில்லை. ராத்கோவின் குத்துச்சண்டைப் பள்ளிதான் வந்தது.

ராத்கோ கையைத் துடைத்துக்கொண்டான். நாற்காலியில் கட்டப்பட்டிருந்த பிராங்கோவின் வலது கையில் இரண்டு விரல்கள் கடவுள் வைக்காத திசையில் மடங்கியிருந்தன. அடுத்த விரலை இடுக்கியில் பிடித்தபடி நின்றவன் ஜோலே. தலை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உருவம்.

விஷயம் இதுதான். நேற்று சாயங்காலம் இதே கட்டடத்தின் பதினான்காம் மாடியிலிருந்து ராத்கோவின் தம்பி லாஸார் கீழே விழுந்து செத்தான். லாஸார் டூர் கைடு. பழைய கான்கிரீட் கட்டடங்களை வெளிநாட்டாருக்குச் சுற்றிக்காட்டுவது பிழைப்பு. பதினான்காம் மாடியில் ஒரு ஃபிளாட்டை எழுபதுகளில் இருந்தபடியே சோபாவும் விளக்குமாகக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அந்த ஃபிளாட்டின் ஜன்னலிலிருந்துதான் விழுந்தான். கீழே கூட்டம் கூடி நிமிர்ந்து பார்த்தபோது, மேலேயிருந்து எட்டிப் பார்த்த முகம் எதிர் ஃபிளாட் பிராங்கோவுடையது. குடியிருப்போர் சங்கத் தலைவர். உலர்த்தப்போட்ட தன் உள்ளாடையை ஒரு பெல்ஜியக்காரர் படம் பிடித்த நாளிலிருந்து டூர் என்றாலே அவருக்கு ஆகாது. 'உன்னை ஜன்னல் வழியா வீசுறேன் பாரு' என்று போன வாரம் லிஃப்டில் லாஸாரிடம் சொன்னதைக் கட்டடமே கேட்டிருந்தது.

ஆதாரம் போதாது என்று போலீஸ் காலையில் அவரை விட்டுவிட்டது. ராத்கோவுக்குப் போதுமாக இருந்தது.

"மகனே," என்றாள் டெசாங்கா. ஐம்பத்திரண்டு வயது. நாட்டு அணிக்கு ஹேண்ட்பால் கோல்கீப்பராக நின்று, பிறகு போலீஸில் சேர்ந்து, பிறகு போலீஸோடு சண்டை போட்டுவிட்டு வந்து தனியாகத் துப்பறிகிறவள். "உன் தம்பியைக் கொன்னவனைக் கண்டுபிடிக்கணுமா, இல்ல யாரையாவது கொன்னா போதுமா?"

"இவன்தான்."

"இவர் பொண்டாட்டி ரூஷா கதவுக்கு வெளிய நிக்கிறா. இவர் செய்யலைன்னு நிரூபிக்கத்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா. ஒரு சான்ஸ் குடு. வேணும்னா நீயும் கூட வா. கொலைகாரன் கெடைச்சா முதல் ஆளா நீ அங்க இருப்பே."

கடைசி வாக்கியம் ராத்கோவுக்குப் பிடித்திருந்தது. ஜாக்கெட்டை எடுத்தான்.

"ஜோலே, இன்னிக்கு டூர் பஸ் கடைசியா நம்ம வாசல்லதான் வந்து நிக்கும். பஸ் சத்தம் கேக்குறப்ப நான் இங்க இல்லைன்னா, இந்தாளை முடிச்சுடு."

"அதுவரைக்கும் விரலா?" என்று கேட்டான் ஜோலே.

"அதுவரைக்கும் சும்மா இரு," என்றாள் டெசாங்கா. ராத்கோ யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

வெளியே ரூஷா நின்றிருந்தாள். ராத்கோவின் முஷ்டியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

*

பதினான்காம் மாடி. ஆரஞ்சு நிற சோபா, காளான் மாதிரி ஒரு விளக்கு. ஹால் ஜன்னல் ஆற்றைப் பார்க்கிறது. நேர் எதிரே சமையலறை ஜன்னல், அடுத்த கோபுரத்தைப் பார்க்கிறது. சமையலறைத் தரையில், ஜன்னலுக்கு அடியில், பாம்பு மாதிரி இறுக்கிச் சுருட்டிய துண்டு ஒன்று கிடந்தது. ராஷா அதில் தடுக்கி விழப் போனான்.

"புழுக்கம் தாங்கல சீஃப்," என்று ஹால் ஜன்னலைத் திறந்துவிட்டான். கீழே பார்த்தான். "அம்மாடி. இங்கேர்ந்து விழுந்தா நடுவழியில ஒரு காபி குடிச்சுட்டுப் போலாம்."

"யாரு தம்பியைப் பத்திப் பேசுறேன்னு நெனைப்பு இருக்கா?" ராத்கோ அவன் கழுத்தைப் பிடித்து வெளியே வளைத்தான். ராஷாவின் மேல்பாதி ஜன்னலுக்கு அப்பால் தொங்கியது. கீழ்ப்பாதி மன்னிப்புக் கேட்டது.

டெசாங்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகச் சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலையும் திறந்தாள்.

காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் பாய்ந்தது. வீட்டின் முன்கதவு துப்பாக்கி வெடித்த மாதிரி படீரென்று அறைந்து சாத்திக்கொண்டது.

"சாத்து! சாத்துடி அதை!" ராத்கோ ராஷாவை அப்படியே விட்டுவிட்டு காலரைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டான். "கழுத்து புடிச்சுக்கும்! வேர்த்திருக்கேன் வேற!"

ராஷா ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உள்ளே ஏறி வந்து, முதல் வேலையாக ஹால் ஜன்னலைச் சாத்தினான். உயிர் போகவிருந்ததை இரண்டாவதாகத்தான் நினைத்தான்.

இந்த ஊரில் குண்டுவீச்சை மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. ஊடுகாற்றில் நின்றவர்கள் கிடையாது. பல்வலி, முதுகுவலி, மலட்டுத்தனம், மாமியார் மரணம் எல்லாவற்றுக்கும் இரண்டு ஜன்னல் எதிரெதிரே திறந்திருந்ததுதான் காரணம் என்று டாக்டர்களே சொல்வார்கள்.

"பாத்துக்கிட்டியா?" என்றாள் டெசாங்கா. "நேத்து பிராங்கோ கேட்டது இந்தக் கதவுச் சத்தத்தைத்தான். சங்கத்துச் சாவியோட ஓடி வந்தாரு. உள்ள யாரும் இல்ல, ரெண்டு ஜன்னலும் திறந்திருந்துச்சு. போலீஸ்ல மொதல்ல அதைத்தான் சொன்னாரு. யாரும் காதுல போட்டுக்கல."

"அதுனால?"

"இந்த ஊர்ல பொறந்தவன் ஒருத்தனை ஜன்னல் வழியாத் தள்ளணும்னா, எதிர் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் தள்ளுவான்."

ராத்கோவின் முகம் மெல்ல மாறியது. அந்த மாற்றம் நல்லதுக்கு இல்லை.

"ஆண்டர்ஸ்," என்றான். "அந்த டென்மார்க்காரன். டூர் கம்பெனியை விலைக்கு வாங்க வந்திருக்கான். தெனம் இங்க வந்து உக்காருவான். ஜன்னலைத் திறந்துட்டே இருக்கான்னு லாஸார் புலம்புவான்."

"அப்ப பிராங்கோவை விட்டுடச் சொல்லு."

"அவன் வாயால கேக்குறேன். அப்புறம் சொல்றேன்."

*

கைடு செத்த மறுநாளே டூர் நடந்துகொண்டிருந்தது. லாஸாருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களை ஏமாற்றக் கூடாதென்று பேராசிரியர் ஸ்வெட்டோஸாரே நேரில் வந்துவிட்டார். ஆற்றங்கரையில் பழைய தொழிற்சங்க மண்டபம். அதன் இரண்டாம் மாடித் திறந்த முற்றத்தில் முப்பது பேர் அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.

"இந்தத் தூணைக் கவனியுங்கள்," என்றார் பேராசிரியர். வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி, நல்ல வெயிலில் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றிய கம்பளி மஃப்ளர். "இது கூரையைத் தாங்கவில்லை. தாங்குதல் என்பதைப் பற்றிச் சிந்திக்கிறது."

தூண் மழை ஒழுகிக் கறுத்திருந்தது. அந்தக் கறையை ஒரு ஆஸ்திரியப் பெண்மணி பயபக்தியோடு படம் எடுத்தாள்.

ஆண்டர்ஸ் கூட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ராத்கோவின் முதல் குத்து பாட்டிலோடு சேர்த்து அவன் வாயில் இறங்கியது.

விழுந்தவன் சும்மா இருக்கவில்லை. ஆளும் கடப்பாரை மாதிரி இருந்தான். யாரோ வைத்திருந்த கேமராவின் முக்காலியைப் பிடுங்கிச் சுழற்றினான். ராத்கோவின் மூக்கு உடைந்த சத்தம் முற்றத்தின் மூலைவரை கேட்டது. பேராசிரியர் எப்போதும் பெருமையாகச் சொல்லும் எதிரொலி அமைப்பு உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. இரண்டாவது சுழற்றலில் முக்காலி, சண்டையை விலக்கிவிடப் போன ராஷாவின் புருவத்தைக் கிழித்தது.

"யோவ், நான் நடுநிலைய்யா!" என்று ராஷா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

முப்பது பேரும் படம் எடுத்தார்கள். "இதுவும் டூர்ல சேர்ந்ததா?" என்று ஒருவர் மனைவியிடம் கேட்டார்.

மூன்றாவது சுழற்றல் டெசாங்காவின் தலைக்கு வந்தது. அவள் பழைய பழக்கத்தில் ஒரு கையை நீட்டினாள். முக்காலி அந்தக் கையோடு நின்றுவிட்டது. ராத்கோ ஆண்டர்ஸைக் கீழே சாய்த்து மார்பில் ஏறி உட்கார்ந்து, விலாவில் மாறி மாறி இறக்கினான்.

"ஏன்டா கொன்னே? சொல்லுடா!"

"நான் ஏன் அவனைக் கொல்லணும்?" ஆண்டர்ஸ் ரத்தம் துப்பினான். "கம்பெனியை வாங்கி அவன் கையில குடுக்கத்தான் வந்தேன்! ஜனங்க வர்றதே அவனுக்காகத்தான். கட்டடத்தைப் பாக்க யாரு வர்றா? அந்தக் குப்பைக் குழாய் கதையைக் கேக்க வர்றாங்க."

"நேத்து நீ ரெண்டு ஜன்னலையும் திறந்தியா?" என்றாள் டெசாங்கா.

"திறந்தேன். தெனமும்தான் திறக்குறேன். காத்து வந்தா செத்துடுவாங்களா? லாஸார் கத்திட்டே ஓடிப்போய் சமையலறை ஜன்னலைச் சாத்தினான். இடுக்குல துண்டைச் சுருட்டி வேற வச்சு அடைச்சான். அதுக்கப்புறம்தான் என் முகத்தையே பார்த்தான். சிரிச்சுட்டே கெளம்பிட்டேன்."

டெசாங்காவின் முகம் ஒரு கணம் செத்துப்போனது.

"என்ன சீஃப்?" என்றான் ராஷா.

"துண்டு. நீ தடுக்கினியே, கீழ கெடந்துச்சே. இவன் போனப்புறம் யாரோ அதை எடுத்துப் போட்டுட்டு ஜன்னலை மறுபடி திறந்திருக்கான். வேணும்னே. வெளிநாட்டான் செஞ்ச வேலைன்னு நாம நெனைக்கணும்னு." பல்லைக் கடித்தாள். "மீன் மாதிரி முழுங்கிட்டேன்டா. தூண்டில் போட்டவன் இந்த ஊர்க்காரன்."

ராத்கோவின் முஷ்டி காற்றில் நின்றது.

டெசாங்கா மெல்லத் திரும்பினாள். தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்த பேராசிரியரிடம் நடந்தாள். அருகில் போனதும் வாசனை வந்தது. பிளம் சாராயம். குடித்த வாசனை இல்லை, தேய்த்த வாசனை. மஃப்ளருக்கு மேலே இரண்டு காதிலும் கட்டைவிரல் அளவு பஞ்சு.

"என்ன புரொபசர், ஒடம்பு சரியில்லியா?"

"கழுத்துப் பிடிப்பு, அம்மணி. ஊடுகாற்று பட்டுவிட்டது. நேற்று பேருந்தில்."

"உங்க பஸ்ஸா?" ராஷா புருவத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "முன்னாடி அதை ஓட்டினவனே நான்தான். அதுல ஒரு ஜன்னலும் திறக்காது. அத்தனையும் ஒட்டின கண்ணாடி."

"பேருந்தில்லை... வீட்டில்."

"வீட்ல ரெண்டு ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காந்தீங்களா? இந்த வயசுல?" என்றாள் டெசாங்கா, அக்கறையாக. "யாரு திறக்கச் சொன்னா?"

பேராசிரியர் மஃப்ளரை இன்னும் இறுக்கிச் சுற்றினார். ஒரு மனிதனைக் கொல்லத் துணிந்தவர், அதற்குப் பிறகு ஒரு ஜன்னலைத் திறந்து, கதவு வரை நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் காற்றுப் பட்டதற்காக ராத்திரி பூரா சாராயம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

டெசாங்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டாள்: "அது என்ன குப்பைக் குழாய் கதை? எனக்கும் யாராவது சொல்லுங்களேன்."

நேற்றும் வந்திருந்த ஒரு கிழவர் சந்தோஷமாக முன்வந்தார். "அந்தக் கோபுரத்தை இவர்தான் வடிவமைச்சாராம்ல? லாஸார் சொன்னான், இவர் வீட்டு விருந்துல குடிச்சுட்டு உண்மையைச் சொல்லிட்டாராம். கோபுரம் வேற யாரோ வரைஞ்சது. இவர் வரைஞ்சது குப்பை போடுற குழாய் மட்டும்தானாம்!"

முற்றம் சிரித்தது. அந்த நல்ல எதிரொலி அமைப்பு சிரிப்பை மூன்று முறை திருப்பிக் கொடுத்தது.

"குப்பைக் குழாய் இல்லை!" பேராசிரியரின் தாடி நடுங்கியது. "செங்குத்து வெளியேற்ற அமைப்பு! ஐரோப்பாவிலேயே அப்படி ஒன்று..." மூச்சு வாங்கியது. அதற்கு மேல் இலக்கணம் நிற்கவில்லை. "தெனமும் சொல்லுவான். மூணு வேளையும். காசு குடுத்து வந்தவங்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. நேத்து போய்க் கெஞ்சினேன். வேணாம்பா, நிறுத்திடுன்னேன். ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டு சிரிச்சான். மேசை மேல கோபுரத்தோட கான்கிரீட் மாடல் இருந்துச்சு..."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ராத்கோ வந்துவிட்டான்.

மஃப்ளரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, முற்றத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே சாய்த்தான். பேராசிரியரின் செருப்பு ஒன்று கழன்று கீழே போய் ஓசையில்லாமல் விழுந்தது. இப்போது யாரும் படம் எடுக்கவில்லை. அலறிக்கொண்டு படியில் உருண்டார்கள். கீழே பஸ் சீறிக் கிளம்பியது.

டெசாங்கா கத்தினாள். "ராத்கோ! பஸ் போகுது! ஜோலே! பிராங்கோ!"

அவனுக்குக் காது இல்லை. பேராசிரியரின் நாக்கு வெளியே வந்துகொண்டிருந்தது.

"நீ புடிச்சிருக்கிறது ஒரு கழுத்து. அங்க இன்னொரு கழுத்து இருக்கு, ஒண்ணுமே செய்யாதவன் கழுத்து! ஃபோன் பண்ணுடா!"

ராத்கோ இன்னும் இறுக்கினான்.

டெசாங்கா முக்காலியை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு விட்டது. பிடி விட்டது. பேராசிரியர் உள்பக்கமாகச் சரிந்தார். ராத்கோ அவளை மறு கையால் அறைந்தான். அவள் உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. ஆனாலும் அவன் சட்டைப்பையிலிருந்த ஃபோனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பண்ணு."

பண்ணினான். மணி அடிக்கவே இல்லை. மறுபடியும் பண்ணினான்.

"கிடைக்காது," என்றான், புதுக் குரலில். "பதுங்கு அறை. ரெண்டு ஆள் கனத்துக்கு கான்கிரீட். சிக்னலே வராது, கதவுக்கு வெளிய நிக்கிற ரூஷாவுக்கும்."

*

பேராசிரியரின் மேல் ஆண்டர்ஸ் விருப்பத்தோடு உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை.

ராஷாவின் பழைய கார் பாலத்தில் பஸ்ஸை எட்டிப் பிடித்தது. சிக்னலில் தவறவிட்டது. ஒரு கண்ணில் ரத்தம் வழிய ஓட்டுகிறவனிடம் யாரும் வேகமாகப் போ என்று சொல்லவில்லை. அவனும் ஜோக் அடிக்கவில்லை. பின்சீட்டில் ராத்கோ தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "முன்னாடி போயிடு தம்பி, முன்னாடி போயிடு," என்று முனகிக்கொண்டே வந்தான்.

கோபுரத்தின் வாசலில் பஸ் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்து, ஆட்கள் பாதிப்பேர் இறங்கியிருந்தார்கள்.

ராத்கோ கார் நிற்பதற்குள் குதித்தான். படிகளில் விழுந்து எழுந்தான். கீழே இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ரூஷா அதைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை இடித்தாளோ, தோள் பக்கத்துச் சட்டை கிழிந்து தோல் உரிந்திருந்தது.

"ஜோலே! நான்தான்! நிறுத்துடா! ஜோலே!" ராத்கோ உடைந்த கையாலேயே கதவை அடித்தான். அடிக்கு ஒரு அலறல்.

உள்ளே ஏதோ சரிந்து விழும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

ஜோலே கையில் கயிற்றோடு நின்றான். "பஸ் சத்தம் கேட்டுச்சுண்ணே. நீங்க இல்ல. அதான் ஆரம்பிச்சேன்."

நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பிராங்கோ பக்கவாட்டில் கிடந்தார். முகம் நீலம். டெசாங்கா கழுத்துச் சுருக்கைப் பிய்த்து எறிந்து மார்பில் குத்தினாள். ஒன்றும் இல்லை. இன்னொன்று குத்தினாள். பிராங்கோ ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு மூச்சை இழுத்து, அப்புறம் இருமினார். இருமலில் ரத்தம் வந்தது. ஆனால் இருமல் நிற்கவில்லை. அந்த அறையில் அதைவிட இனிய சத்தம் யாரும் கேட்டதில்லை.

ராத்கோ முழந்தாளிட்டு உட்கார்ந்தான். உடைந்த மூக்கிலிருந்து சொட்டியதைத் துடைக்கவில்லை.

"டாக்டர்," என்றான். "நீங்க இல்ல. அது வேற ஆளு. தப்புப் பண்ணிட்டேன். உங்க கையால என்னை அடிங்க. எவ்வளவு வேணும்னாலும்."

"அவர் கையைத்தான் நீ உடைச்சுட்டியே," என்றாள் ரூஷா.

கணவரின் தலையை டெசாங்காவின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். சுவரில் வரிசையாகத் தொங்கிய கையுறைகளில் ஒன்றை எடுத்தாள். கையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே மெத்தென்று இருந்தது. கழற்றிக் கீழே போட்டாள்.

"நிமிந்து உக்காரு," என்றாள் ராத்கோவிடம்.